முழங்காலை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மலைநாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 31 வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா, ஆளை எழுப்பிவிடும் மின்சாரச் சாய்கதிரை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில் எழுதுகிறார்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்கள் அப்பாவுக்கு 71 வயது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் வேலையில் தோட்டத்திலேயே பேர் வாங்கியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது பக்கம் இழுத்துவிட்டது. யாராவது தூக்கிவிட்டால் நிற்பார். வோக்கரைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி நடப்பார். உட்கார்ந்தால் தானாக எழும்ப முடியாது. அம்மாதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குகிறார். இப்போது அம்மாவுக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. கனடாவில் இருக்கும் அண்ணன், பட்டனை அமுக்கினால் ஆளை எழுப்பி நிறுத்தும் கதிரை ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்கிறார். ஒரு மோட்டார், இரண்டு மோட்டார் என்று வாட்ஸ்அப்பில் படம் படமாக வருகிறது. நாங்கள் இருப்பது தனிவீடு, ஹோல் சின்னது. கரண்டும் அடிக்கடி போகும். அப்பாவோ ‘என் ஈ.பி.எஃப். காசைக் கரியாக்காதே’ என்கிறார். என்ன செய்வது? – ஒரு மகள், தலவாக்கலை.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போனது அம்மாவின் இடுப்புக்குத்தான். கதிரை வருகிறபோது வரட்டும். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். இழுத்துப்போன பக்கத்துத் தோளைப் பிடித்து வைக்கிற தசைகள் தளர்ந்திருக்கும். அந்தக் கையைப் பிடித்தோ கக்கத்திலோ தூக்கினால் மூட்டு மெல்ல இறங்கிவிடும், பிறகு ராத்திரி முழுக்க வலிதான். அதற்குப் பதில், அப்பாவின் இடுப்பைச் சுற்றி ஒரு பழைய சேலையை நாலாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் படங்கு கட்டுகிற மாதிரிதான், அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா கதிரையின் நுனிக்கு நகர்ந்து வரட்டும். இரண்டு பாதத்தையும் பின்னுக்கு இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வருகிற அளவுக்கு முன்னால் குனியட்டும். மூன்று எண்ணி, அம்மா அந்தச் சேலைக் கட்டைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தால் போதும். மேலே தூக்க வேண்டாம். குனிந்தால் பாரம் காலுக்கு வந்துவிடும், கால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இனி கதிரை. என் சொந்தக் கூத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

என் அம்மா கொழுந்தெடுத்தவர். உயரம் 4 அடி 10 அங்குலம். இரண்டு முழங்காலும் தேய்ந்து எழும்ப முடியாமல் போனபோது, நான் கொழும்பில் ஒரு கடைக்குப் போய், துரை பங்களாவில் கிடக்கிற மாதிரி பழுப்பு நிறத்தில் பெரிய லிஃப்ட் கதிரை ஒன்று வாங்கி, லொறியில் போட்டுக் கொண்டுவந்தேன். லயத்துச் சனமே பார்க்க வந்தது. அம்மாவை உட்கார வைத்தால் கால் தரையில் படவில்லை. இருக்கை ஆழமாக இருந்ததால் முதுகு சாய்மானத்துக்கும் போகவில்லை. இரண்டுங்கெட்டான் நிலையில் அம்மா சொன்னார்: “ஏன்டி, கொழுந்து நிறுக்கிற தராசுல சாக்கத் தொங்கவிட்ட மாதிரி என்னைய வெச்சிருக்க?” ஆயிரம் பேரின் காலை அளந்தவள் பெற்ற தாயின் காலை அளக்கவில்லை. அந்தக் கதிரையின் இருக்கை தரையிலிருந்து 20 அங்குலம். அம்மாவின் முழங்கால் மடிப்பு 15 அங்குலம். இப்போது அது எங்கள் ஆறடி மாமா ஒருவர் வீட்டில் இருக்கிறது. அவருக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை, அதில் சாய்ந்துகொண்டு கிரிக்கெட் பார்க்கிறார்.

ஆகவே படத்தைப் பார்க்க முன்னால் டேப்பை எடுங்கள். அப்பாவை ஒரு கெட்டியான பெஞ்சில், வீட்டில் போடுகிற செருப்போடு உட்கார வையுங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை எவ்வளவோ, அதுதான் இருக்கையின் உயரம். பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். அடுத்தது, பிட்டத்தின் பின் விளிம்பிலிருந்து அதே மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு விரற்கடை கழியுங்கள். அது இருக்கையின் ஆழம். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், நானும் மறந்தேன். அகலம் இடுப்பைவிட ஓர் அங்குலம் இரண்டு பக்கமும் கூட இருந்தால் போதும். ‘பெரிசா இருந்தா சொகமா இருக்கும்’ என்று வாங்கினால் பலமில்லாத பக்கமாக ஆள் சரிந்துபோவார். சில தயாரிப்பாளர்கள் ஆளின் உயரத்துக்குத் தக்கபடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று செய்கிறார்கள். நம் ஆட்கள் அநேகமானோருக்குச் சிறியதுதான். எத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். சாதாரணமானதே 130 கிலோவுக்கு மேல் தாங்கும், அந்த எடையில் ஒரு கவ்வாத்துக்காரரை நான் பார்த்ததில்லை.

இந்தக் கதிரை எப்படி வேலை செய்கிறது என்று ஒருதரம் மனதில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் கத்தரிக்கோல் மாதிரி இரும்புச் சட்டம். மோட்டார் ஒரு தண்டை மெல்லத் தள்ள, கதிரை முழுவதும் மேலெழுந்து முன்னால் சரியும். டிப்பர் லொறி மண் கொட்டுகிறதே, அந்தச் சரிவுதான், மெதுவாக நடக்கிறது. அதனால் காலில் கொஞ்சமும் பாரம் தாங்க முடியாதவரை இதில் வைத்தால் மண்ணைக் கொட்டுகிற மாதிரியே கொட்டிவிடும். உங்கள் அப்பா நிற்கிறார், நடக்கிறார். அதனால் அவருக்கு இது தோதான கதிரைதான். ஆனாலும் கிளினிக்குக்குப் போகும்போது அங்கே பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை அப்பாவை எழுப்பிக் காட்டிக் கேளுங்கள்.

ஒரு மோட்டாரா, இரண்டு மோட்டாரா? ஒன்று என்றால் காலைத் தூக்கும்போது முதுகும் சேர்ந்து சாயும், தனித்தனியாக வராது. இரண்டு என்றால் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே காலை மட்டும் நீட்டிக்கொள்ளலாம். இழுத்துப்போன கால் பின்னேரத்தில் வீங்குகிறதா? அப்படியானால் இரண்டு மோட்டார் நல்லது. வெறுமனே எழும்பத்தான் வேண்டும் என்றால் ஒன்றே போதும், விலையும் குறைவு, பழுதாகிற சாமானும் ஒன்று குறைவு. எதுவானாலும் சாய்ந்துகொண்டு சாப்பாடு, தேத்தண்ணி கொடுக்காதீர்கள். பாரிசவாதம் வந்தவர்களுக்கு விழுங்குகிற தசையும் பலவீனமாக இருக்கலாம், புரைக்கேறி நெஞ்சுக்குள் போய்விடும். ரிமோட் பையை அநேகமாக வலது பக்கம்தான் தைத்திருப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு ஓடுகிற கை இடது. பக்கம் மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பட்டன் பெரிதாகவும் குறைவாகவும் இருக்கட்டும்.

கனடா விஷயம். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. கதிரையோடு வருகிற அடாப்டர் பெட்டியில் ‘100-240’ என்று இருந்தால் பிளக் முள்ளை மாற்றினால் சரி. 120 என்று மட்டும் இருந்தால் இங்கே செருகிய உடனே புகைதான். கதிரைக்குள் இருக்கிற மோட்டார் ஓடுவது 29 வோல்ட் போல குறைந்த மின்சாரத்தில்தான் என்பதால், அதே அளவு கொடுக்கும் 230 வோல்ட் அடாப்டர் தேடிப் போடலாம். ஆனால் அதற்குக் கரண்ட் வேலை தெரிந்த நல்ல பாஸ் ஒருவர் வேண்டும். லண்டனில் இருந்து வந்தால் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட்டும் ஒன்று, சதுர முள் பிளக்கும் ஒன்று. என்னைக் கேட்டால், அண்ணனைக் கதிரை அனுப்ப வேண்டாம், காசை அனுப்பச் சொல்லுங்கள். மோட்டார் நின்றுபோனால் டொரொன்டோவில் இருந்து எவரும் வரப்போவதில்லை. கொழும்பிலோ கண்டியிலோ ‘பார்ட்ஸ் இருக்கு’ என்று கடிதத்தில் எழுதித் தருகிற இடத்தில் வாங்குங்கள்.

கரண்ட் போவதைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. தலவாக்கலையில் அணை கட்டி 150 மெகாவாட் எடுக்கிறார்கள், அதே தலவாக்கலையில் ஒரு சவுக்கு மரம் கம்பியில் சாய்ந்தால் வீடு இருட்டு. 2022 மார்ச் கடைசியில் நாட்டுக்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அப்போது என் அம்மா, நான் இரண்டாவதாக வாங்கிக் கொடுத்த சின்னக் கதிரையில் காலை நீட்டிப் படுத்தபடி மாட்டிக்கொண்டார். இப்படியான கதிரைகள் பலவற்றில் அவசரத்துக்கு 9 வோல்ட் சதுர பெட்டரி இரண்டு போட இடம் இருக்கும். ஒருதரம் நிமிர்த்தி இறக்கிவிட அது போதும். என் கதிரையிலும் இருந்தது. திறந்து பார்த்தால் பெட்டரி இரண்டும் கசிந்து பச்சை பூத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டுத் தம்பியும் நானும் சேர்ந்து அம்மாவை வெளியே எடுத்தோம். அன்றிலிருந்து சித்திரை வருடப் பிறப்புக்கு ஒரு சோடி, தீபாவளிக்கு ஒரு சோடி பெட்டரி மாற்றுகிறேன். வாங்குகிற கதிரையில் இந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூ.பி.எஸ். ஒன்று வையுங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிற வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாறாமல் வாட் எண்ணைப் பாருங்கள், அது அடாப்டரின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 2025 பெப்ரவரியில் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டதை நினைத்துக்கொண்டால் யூ.பி.எஸ். காசு பெரிதாகத் தெரியாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது அப்பாவை இறக்கி வைத்துவிட்டு பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் சின்ன ஹோலில் எங்கே வைப்பது? சாதாரணமாகச் சாய்கிற கதிரைக்குச் சுவரிலிருந்து ஒன்று ஒன்றரை அடியாவது விட வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தாலும் முன்னால் நகர்ந்து சாய்கிற வகை இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பொருத்தம். கதிரை ஐம்பது கிலோ வரை வரும். முதுகுப் பகுதியைத் தனியாகக் கழற்றலாம், அதனால் படிக்கட்டில் ஏற்றுகிறவர்கள் பயப்பட வேண்டாம். வாசல் அகலத்தை மட்டும் முதலே அளந்துகொள்ளுங்கள். இன்னொன்றை அளந்தீர்களா? கதிரையிலிருந்து கக்கூஸ் வரை எத்தனை அடி, நடுவில் எத்தனை படி? கதிரை ஆளை எழுப்பிவிடும், அதற்குப் பிறகு அவர் போக வேண்டுமே. வழியில் வயர் கிடக்கக் கூடாது. கம்பளி விரிப்பு வேண்டவே வேண்டாம்.

கதிரை வந்த பிறகு அப்பாவுக்கு இதைப் பழக்குங்கள்: பாதி எழுந்ததும் பட்டனை விட வேண்டும், ஒரு நிமிடம் தலை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பிரஷர் மருந்து எடுக்கிறவர்களுக்கு இது முக்கியம். வோக்கர் முன்னால் நிற்கட்டும், ஆனால் அதைப் பிடித்து இழுத்து எழும்பக் கூடாது. உட்காரும்போதும் கதிரையை முதலில் உயர்த்தி வைத்து, தொடை அதில் படும்வரை பின்னால் வந்து, பிறகு இறக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் வேறொன்றில். கதிரை சொகுசாக இருக்கிறதென்று நடையையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மோட்டாரை முழுக்க எழும்பவிடாதீர்கள். அப்பாவால் மிச்சத்தைத் தானே எழும்ப முடிகிற உயரம் எதுவோ, அங்கே நிறுத்துங்கள். இந்த மாதம் முக்கால்வாசி என்றால் அடுத்த மாதம் பாதியில் நிறுத்திப் பாருங்கள். கால் செய்ய முடியாததை மட்டும் மோட்டார் செய்யட்டும். மணிக்கு ஒருதரம் எங்கும் போகாவிட்டாலும் எழுந்து நின்று உட்காரட்டும், இல்லாவிட்டால் பிட்டத்தில் புண் வரும். ராத்திரித் தூக்கம் கட்டிலில்தான்.

காசு விஷயத்தில் அப்பா சொல்வதில் பாதி நியாயம். ஈ.பி.எஃப். மிச்சத்தைத் தொடாதீர்கள். வாங்குவதற்கு முன் இரண்டு கிழமை இதைச் செய்து பாருங்கள்: கை வைத்த கெட்டியான மரக் கதிரை ஒன்றின் நாலு காலுக்கும் அடியில், நடுவில் குழி தோண்டிய கட்டை வைத்து மூன்று நாலு அங்குலம் உயர்த்துங்கள். எந்தத் தச்சு பாஸும் அரை நாளில் செய்துவிடுவார். முழங்கால் வலிக்காரர் பலருக்கு அதுவே போதும், லட்சக்கணக்கில் செலவே இல்லை. உங்கள் அப்பாவுக்கு ஒரு கை ஓடாததால் போதாமலும் போகலாம். போதாவிட்டால் அண்ணன் காசில் மோட்டார்க் கதிரையை வாங்குங்கள். ‘உங்களுக்கு இல்லப்பா, அம்மா இடுப்புக்கு’ என்று சொல்லுங்கள். வாயை மூடிக்கொண்டு உட்காருவார்.

கேள்வி: எங்கள் அம்மாயிக்கு 84 வயது, ஞாபக மறதி. எழும்பச் சிரமப்படுகிறார். இந்தக் கதிரை வாங்கலாமா? வீட்டில் நாலு வயதுப் பிள்ளையும் இருக்கிறது. – பேரன், ஹாலிஎல.

பதில்: வேண்டாம் தம்பி. ரிமோட்டை டெலிபோன் என்று நினைத்து அமுக்குவார். பாதியில் பயந்து இறங்கப் பார்ப்பார். சிலவற்றில் பட்டனைப் பூட்டி வைக்கலாம், ஆனால் அப்படிப் பூட்டினால் அம்மாயி உங்களைக் கூப்பிட்டுத்தானே எழும்ப வேண்டும்? பிறகெதற்கு மோட்டார்? மேலே சொன்ன கட்டை வைத்த கதிரையும் பக்கத்தில் ஒரு ஆளும் போதும். நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் இன்னும் யோசிக்க வேண்டும். கதிரை உயர்ந்து நிற்கும்போது அடியில் பிள்ளைக்குக் குகை மாதிரி இருக்கும், புகுந்துவிடும். இறங்குகிற இரும்புச் சட்டத்துக்கு எது கை, எது காற்று என்று தெரியாது. ஏற்கெனவே இந்தக் கதிரை வைத்திருக்கிறவர்களும் கவனிக்க வேண்டும்: பாவிக்காத நேரம் இறக்கி, கால்தாங்கியை மூடி வையுங்கள். இறக்கும் முன் அடியில் எட்டிப் பாருங்கள், பூனையும் அங்கேதான் படுக்கும்.

கேள்வி: பழைய லிஃப்ட் கதிரை ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பார்த்து வாங்க என்னென்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், நுவரெலியா.

பதில்: முதலில் மூக்கை வைத்துப் பாருங்கள். 1,800 மீட்டருக்கு மேலே ஈரத்தில் கிடந்த கதிரைக்குள் பூஞ்சணம் பிடித்திருந்தால் மணமே சொல்லும், அதை எந்த வெயிலிலும் காயவைத்து எடுக்க முடியாது. நெஞ்சு இழுக்கிறவருக்கு அது விஷம். பிறகு கவிழ்த்துப் போட்டு அடியைப் பாருங்கள். எலி வயரைக் கடித்திருக்கிறதா, கத்தரிச் சட்டத்தின் மூட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விற்கிறவர் முகம் சுழித்தால் சுழிக்கட்டும். நீங்களே உட்கார்ந்து மேலேயும் கீழேயும் மூன்று தரம் முழுதாக ஓட்டுங்கள். பாதி உயரத்தில் நிறுத்திக்கொண்டு பத்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். அதற்குள் கதிரை தானாகக் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மோட்டார் உறுமலாம், அது சுபாவம். கரகரவென்று அரைக்கிற சத்தம் வரக் கூடாது. அடாப்டர் கை வைக்க முடியாத சூடு என்றால் அதையும் மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. தோல் மாதிரி இருக்கிற ரெக்சின் பழசானால் நம் ஈரத்தில் செதில் செதிலாக உரிந்துபோகும், ஜனவரிக் குளிரில் உட்கார்ந்தால் ஐஸ் கட்டி. வெல்வெட் துணி சூடாக இருக்கும், ஆனால் சிறுநீர் கட்டுப்படாதவர் வீட்டில் ஒரு மாதம் தாங்காது. கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை இரண்டு தைத்துக்கொண்டால் எந்தக் கதிரையும் சரிதான். தைக்கிறவரிடம் வழுக்காத துணி என்று சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, சூடும் மசாஜும் உள்ள கதிரை என்று விளம்பரம் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளிருக்கு நல்லதுதானே? அம்மாயிக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. – வாசகி, பொகவந்தலாவை.

பதில்: சீனி வருத்தக்காரருக்குக் காலிலும் தொடையிலும் மரத்துப்போயிருக்கும். சூடு தெரியாது, தெரிய வரும்போது தோல் கொப்பளித்திருக்கும். சுடுதண்ணிப் பையை வைத்தே கால் வெந்து வந்தவர்களுக்கு நான் எத்தனையோ முறை கட்டுப் போட்ட காலைப் பிடித்து நடக்கப் பழக்கியிருக்கிறேன். மசாஜ் என்று சொல்வது வெறும் நடுக்கம், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். காலில் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் அதை அமுக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரத்தம் கட்டியாகியிருக்கலாம். குளிருக்கு அம்மாயியின் காலில் கம்பளி மேசோடு ஒன்று போடுங்கள், தோளில் ஒரு சால்வை, கையில் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேத்தண்ணி. சீனி போட வேண்டாம், ‘ஒரே ஒரு கரண்டி’ என்று கேட்பார், கொடுக்காதீர்கள்.